மூன்றாம் எபிசோட் வரை

இரண்டுக்கும் சீசன் மூன்று மாதம்தான்,
மாம்பழத்துக்கும் அனிமேக்கும்.

காவேரிப்பட்டணம் சாலையில் மாங்கூழ் ஆலை.
இரவு ஷிஃப்ட், ஆய்வகத்தில் நான்.
ஒரு சொட்டைக் கண்ணாடியில் வைத்து
மூடியை அழுத்தி, டியூப்லைட்டைப் பார்த்துத் தூக்கினால்
நீலமும் வெள்ளையும் பிரிகிற கோட்டில்
எண் நிற்கும்.
பெங்களூரா பதினாலுக்குக் கீழே இறங்கினால்
லைனை நிறுத்தச் சொல்வேன்,
சூப்பர்வைசர் முனிரத்தினம் முறைத்தாலும்.
நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டியதே இல்லை.
நாலு சீசனாய் வைத்ததும் இல்லை.

விடிந்து அறைக்கு வந்தால்
விரலிடுக்கில் மஞ்சள், போர்வைக்குள் போன்,
ஒன்றரை ஜிபி.
எதையாவது பார்க்க முடியாது.
ஒன்றரை ஜிபி என்பது சம்பளம் மாதிரி,
பார்த்துச் செலவு செய்யணும்.

மூன்று எபிசோட் தருவேன்.
அதற்குள் யாராவது சாப்பிடுகிறபோது
எனக்குப் பசிக்க வேண்டும்.
தங்கை செத்தால்தான் அண்ணனுக்கு ரோஷம் வரும் என்றால்
அங்கேயே நிறுத்திவிடுவேன்.
சண்டையில் பாதி நேரம்
தன் வித்தையைத் தானே விளக்குகிறவனையும்
பொறுக்க மாட்டேன்.
நாலாவது எபிசோடில் கோடுகள் தடித்து
முகங்கள் மாவு பிசைந்ததுபோல் ஆனால்
அதை மட்டும் மன்னிப்பேன்.
காசு தீர்ந்திருக்கும், பாவம்,
அங்கேயும் யாரோ இரவு ஷிஃப்ட்.

பழைய பேட்ச் ரிஜிஸ்டரின் பின்பக்கங்களில்
கட்டம் போட்டு வைத்திருக்கிறேன்:
கதை, படம், இசை, முடிவு.
பேக்கிங்கில் இருக்கும் ஷாகிரா சிரிப்பாள்.
அவளுக்கு எல்லாமே பத்து.
'அழுதேனா? பத்து. அழலியா? அப்ப ஒம்பது.'
அவள் தலையில் வைத்து ஆடிய வாள்வீரனுக்கு
நான் ஐந்தரை போட்டதில்
இரண்டு நாள் பேசவில்லை.
மூன்றாம் நாள், டீ இடைவேளையில்
என் போனைப் பிடுங்கி
ஒன்றை இறக்கித் தந்தாள்.
'இதுக்கும் அளவுகோலத் தூக்கிட்டு வா, பாக்கலாம்.'

பனி ஊரில் ஒரு ரயில் நிலையம்.
டிக்கெட் கிழிக்கிற பெண்ணுக்கு முப்பத்தெட்டு வயசிருக்கும்.
தினமும் ஒரே ரயில்.
இறங்குவார் இல்லை.
மூன்றாவது எபிசோடில் அவள்
பிளாட்பாரத்துப் பனியைத் தள்ளுகிறாள்,
பதினோரு நிமிடம்,
அவ்வளவுதான்.
யாரும் எதுவும் சாப்பிடவில்லை.

என் சட்டப்படி அத்தோடு முடிந்தது.
நாலாவதைத் தொட்டுவிட்டேன்.

எங்கள் கிருஷ்ணகிரியில் ரயில் கிடையாது.
மலைமேல் கோட்டை உண்டு, கீழே அணை உண்டு,
பெங்களூருக்கும் சென்னைக்கும் சேலத்துக்கும்
நாலு வழியாய் ரோடு உண்டு.
தேர்தலுக்குத் தேர்தல் ரயில் பேச்சு வரும்,
பேச்சு மட்டும் சரியான நேரத்துக்கு வரும்.
நான் ரயிலேறியது இரண்டே தரம்,
இரண்டும் ஜோலார்பேட்டையில்,
இரண்டும் ஆஸ்பத்திரிக்கு.

இப்போது காலை ஏழே காலுக்கு
ஜன்னலுக்கு வெளியே லாரி ஏர்ஹாரன்,
காதுக்குள் தண்டவாளம்.
அவள் கொடியைச் சுருட்டுகிற விதத்தில்
ஒரு சோம்பல் இருக்கிறது, கவனித்தேன்.
முதல் எபிசோடில் அது இல்லை.
எட்டாவதில் கொடியை அவள் விரிக்கவே இல்லை.
ரயில் நிற்காமல் போகிறது.
நான் எழுந்து உட்கார்ந்தேன்.
பக்கத்துக் கட்டில் சரோஜினி
'என்னடி, வேலை போச்சா?' என்றாள்.

ஷாகிரா கேட்டாள், எத்தனை?
ஏழு என்றேன்.
'ஏழா!'
தொடக்கப் பாட்டு மோசம்.
அந்த மேயர் எதற்கு வருகிறான் என்றே தெரியவில்லை.
பத்தாவதில் பனி ஒரு காட்சியில் வலமும்
அடுத்ததில் இடமுமாய்ப் பெய்கிறது.
ஏழுதான்.
டப்பாவைக் கீழே வைத்துவிட்டு
என்னையே பார்த்தாள்.
'கண்ணு ஏன்டி இப்படி வீங்கியிருக்கு?'
தூக்கமில்லை, என்றேன்.

அவளிடம் சொல்லாதது ஒன்று.
பன்னிரண்டாவதை இன்னும் பார்க்கவில்லை.
முடிவு என்ற கட்டம் காலியாய்த்தான் கிடக்கிறது.
ஆடி பாதியில் பழம் நின்றுவிடும்,
பாய்லரை அணைப்பார்கள்,
தொட்டிகளைக் காரத்தண்ணீரில் கழுவிக்
கவிழ்த்து வைப்பார்கள்.
கணக்குத் தீர்த்து அனுப்புகிற அன்றைக்கு
அதைப் பார்க்க வேண்டும்,
பஸ்ஸில்,
ஜன்னல் சீட் கிடைத்தால்.